ஆம், இல்லை

சாஸ்கட்டூனில் இரவு பதினொன்று. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
ரோஸ்டவுன் சாலையில் ஒரெஸ்ட் ஹ்ரின்கிவின் கனோலாக் குதிர்
எத்தனை டிகிரி என்று மூன்று நாளாகச் சொல்லவில்லை.
குதிரின் கழுத்தில் தொங்கிய சின்னப் பலகை
பாதி அப்டேட்டில் படுத்துவிட்டது.
அதன் நினைவு முழுவதும் கட்டைவிரல் நகமளவு அட்டையாக
என் மேசைமேல், உரிக்காத ஆரஞ்சுக்குப் பக்கத்தில்.

மவுன்ட் செய்தேன்.
வேர் அடைவை மாற்று என்றேன்.
இனி உலகம் என்பது இந்த அட்டைதான்,
இதற்கு மேலே ஒன்றுமில்லை என்று
மடிக்கணினியை நம்பவைக்கும் ஒற்றை வரி.
பதிலும் ஒற்றை வரி:
பாஷை இயக்க முடியவில்லை. நிரல் வடிவத்தில் பிழை.

பாஷ் என்பது ஷெல்லின் பெயர்.
இரண்டாம் வேற்றுமை போட்டால் பாஷை.
நான் செய்ததல்ல, இலக்கணம் செய்தது.

அட்டை கெட்டுவிட்டதென்று முதல் அரைமணி.
அனுமதிகளைப் புரட்டிப் புரட்டி அடுத்த அரைமணி.
இயக்கும் உரிமை எல்லாருக்கும் இருந்தது.
சூடோ போட்டுப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன்.
இரவுப் பணிக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த பார்கவி
எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"நம்மள மாதிரிதான். வேற எடத்துக்குச் செஞ்சது இங்க ஓடாது."
நாம ஓடுறோம் பார்கவி,
மாசம் பொறந்தா வாடகை கட்டுறோம்.
இது சிப் சமாச்சாரம். கதவைச் சாத்திட்டுப் போ.

அவள் போனபிறகுதான்
முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.
ஃபைல் என்று ஒரு கட்டளை. நீ யார்?
எல்ஃப், அறுபத்துநான்கு பிட், ஆம்.
ஆர்ம் என்று எழுதுவாருண்டு. நான் ஆம் என்றே எழுதுவேன்.
மடிக்கணினியோ இன்டெல்.
ஆம் சொல்வதில் ஒரு எழுத்தும் அதற்கு விளங்காது.

க்யூஎமுவை வரவழைத்தேன்,
ஒவ்வொரு சொல்லையும் வாங்கி
இன்டெலுக்குத் திருப்பிச் சொல்கிற ஆள்.
பழைய குறிப்பேட்டைப் பார்த்துக் கையாலேயே
கெர்னலின் பதிவேட்டில் அவன் பெயரை எழுதினேன்.
மறுபடி வேர் மாற்றினேன்.
இப்போது வேறு பாட்டு: அப்படியொரு கோப்பு இல்லை.

இருக்கிறது.
எல்எஸ் போட்டால் தெரிகிறது,
பின் அடைவில், தேதியோடு, எடையோடு.
இல்லை என்கிறது.
மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் இருந்தது, மூன்று முறையும் இல்லை.

அந்த இல்லை பாஷைப் பற்றியதே அல்ல.
திருப்பிச் சொல்கிறவனைத் தேடியிருக்கிறது.
அவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான்.
உலகம் அட்டையோடு முடிகிறது என்று
கட்டளையிட்டது நான்தானே.

நகலெடுத்து உள்ளே வைத்தேன்,
எந்த நூலகத்தையும் துணைக்குக் கூப்பிடாத தனிக்கட்டை ஒருவனை,
அவனைத் தேடும் அதே பாதையில், அதே பெயரில்.

ஒரு ஹாஷ் குறி. அதன் பக்கத்தில் துடிப்பு.

நீ என்ன இயந்திரம் என்றேன்.
ஆம் என்றது.
பச்சைப் பொய்.
அந்தப் பொய்க்குள் உட்கார்ந்துதான்
பழுது பார்க்க வேண்டியிருந்தது.
ப்ராக், சிஸ், டெவ் மூன்றையும் கொண்டுவந்து கட்டினேன்.
அரைகுறையாய் நின்ற பொதிகளை முடி என்றேன்.
பதினேழு பொதி, ஐம்பது நிமிடம்.
ஆரஞ்சை உரித்து, வெள்ளை நார் எல்லாம் எடுத்துத் தின்றுமுடித்தும்
பதினொன்றாவதில்தான் நின்றது.

காலையில் பலகையில் அட்டையைச் செருக
கையுறை கழற்றிய இருபது நொடியில் விரல் மரத்தது.
பச்சை விளக்கு. பிறகு எண்கள்.
நடுக் கேபிளில் நாற்பத்தொன்று.
இந்தக் குளிரில், அந்தத் தகரத்துக்குள்,
கனோலா தானாக வெந்துகொண்டிருக்கிறது.

என்ன கோளாறு என்று கேட்டார் ஒரெஸ்ட்.
இருப்பதை இல்லை என்றது, என்று தொடங்கினேன்.
அவர் அதற்குள் ஆகரின் ஸ்விட்சை நோக்கிப்
பனியில் பாதி ஓட்டமாகப் போய்விட்டிருந்தார்.