செயினில் உப்பு

நூறடிச் சாலை ஷோரூமில் முதலில் பார்த்ததற்கு
முகவிளக்கே இல்லை.
கொக்கு மாதிரி நின்றது, வெள்ளையாய், ஒல்லியாய்.
"நம்பர் கிடையாது மேடம், ரோட்டில் ஓட்ட முடியாது,
குட்டியானையில் ஏற்றிப்போய்க் காட்டில் இறக்கிக்கலாம்"
என்றான் டை கட்டிய பையன்.
வண்டியை ஏற்ற ஒரு வண்டி.
விலையைக் கேட்ட பிறகு
அவன் நீட்டிய தண்ணீர் பாட்டிலை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது, வில்லியனூர் பக்கம் ஒரு கொட்டகையில்.
நானூறு சிசி.
என் உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் கூட.
ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் அந்தரத்தில்,
ராட்டினத்தில் ஏற்றிவிட்ட பிள்ளைபோல.
கீழே சாய்த்துவிட்டுத் தூக்கிப் பார்க்கட்டுமா என்றேன்.
அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.
ஆளில்லாத மணலில் விழுந்தால்
தூக்குவது யார் என்பதுதான் முதல் கேள்வி.
மைலேஜ் அல்ல.

வீட்டில் வேறு கேள்வி.
"ரோடு இருக்கும்போது
ரோடு இல்லாத இடத்துக்கு எதுக்கு?"
அற்புதராஜ், என் கணவர், கூட்டுறவு வங்கிக் காசாளர்,
கணக்கு இடிக்காத கேள்விகள்தான் கேட்பார்.
பன்னிரண்டு வருடமாகக் கடலூர் மண் பரிசோதனைக் கூடத்தில்
பையில் வருகிற மண்ணையே பார்க்கிறேன்.
விவசாயி பெயர், சர்வே எண், அரைக் கிலோ.
உலர்த்தி, சலித்து, கரைத்து, எண்ணை எழுதி
அடுத்த பை.
மண் என்னிடம் வரும்,
நான் அதனிடம் போனதில்லை.
இதைச் சொல்லி முடிப்பதற்குள்
ரசம் ஆறிவிடும்.

மூன்றாவது நெல்லித்தோப்பில், எதுவார் என்பவருடையது.
இருநூறு சிசி, முன்சக்கரம் இருபத்தொரு அங்குலம்,
தடையில்லாச் சான்று வாங்கித் தருவதாகப் பேச்சு.
சீட்டுப் பஞ்சை யாரோ இரண்டு விரல் செதுக்கியிருந்தார்கள்.
என் பெருவிரல்கள் தரையைத் தொட்டன.
முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"பீச் பக்கமே போனதில்லைங்க.
சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும்தான்."
கழுவி, துடைத்து, பாலிஷ் போட்டிருந்தார்.
குனிந்தேன்.
எஞ்சினுக்கும் அதன் காப்புத் தகடுக்கும் நடுவே
எந்தக் குழாய்த் தண்ணீரும் எட்டாத சந்து.
சாவியால் சுரண்டினேன்.
உள்ளங்கையில் மூன்று ஊர் உதிர்ந்தது.
சரளையோடு செம்மண், அது கேப்பர் மலை ஓடை.
ஓடுபோல் வெடித்த கருப்பு, ஏதோ ஏரியின் வற்றிய வயிறு.
மூன்றாவது சாம்பல் நிற மணல்.
நாக்கு நுனியில் வைத்தேன்
(கூடத்தில் செய்தால் மெமோ கிடைக்கும்).
உப்பு.

எதுவார் பிடரியைத் தடவினார்.
"ஒரே ஒரு தடவை. நரம்பை பக்கம். முட்டி அளவு தண்ணி."
செயினைத் தூக்கினேன், ஸ்போக்கின் வேர்களைப் பார்த்தேன்,
துரு எழுதிவைத்ததை உரக்கப் படித்தேன்.
வரிக்கு ஆயிரம் இறங்கியது.
பதினாலாவது வரியில் அவர் மனைவி
காபியோடு நடுவில் வந்து நின்றார்.
நிறுத்திக்கொண்டேன்.
பொய் சொன்ன ஆள்தான்,
ஆனால் போய் வந்த ஆள்.

ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் கை காட்டினார்கள்.
புதுச்சேரியிலிருந்து வரும் பையில்
என்ன இருக்குமென்று அவர்களுக்குத் தெரியும்.
காவலர் திறந்தார்.
ஆர்சி புத்தகம், பழைய ஸ்பார்க் பிளக்,
கைக்குட்டையில் முடிந்த மண்.
முகர்ந்து பார்த்தார், இன்னொரு தடவையும்.
"என்னம்மா இது, கோயில் மண்ணா?"
சர்வே எண் இல்லாத மண் சார் என்றேன்.
போகச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை கேப்பர் மலையில்
இரண்டாவது வளைவிலேயே விழுந்தேன்.
முதல் தடவை தூக்க வரவில்லை.
எஞ்சின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.
ஓணான் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.
பல்லிடுக்கில் நறநறத்தது,
இரும்பு அதிகம், சுண்ணாம்பு குறைவு,
பை இல்லாமல், பெயர் இல்லாமல்.
துப்பவில்லை உடனே.
முட்டியை ஊன்றி
மறுபடி ஹேண்டில்பாரைப் பிடித்தேன்.