இரவல் மூக்கு

பிப்ரவரிக் காய்ச்சல் மோர்வெனிடமிருந்து
ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துப் போனது.
அடுப்பில் பால் தீய்வதை
மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து சொன்னபோதுதான்
அவளுக்கே தெரிந்தது.

லீத் துறைமுகத்தில், பாலத்துக்கு இந்தப் பக்கம்,
பன்னிரண்டு நாற்காலி போட்ட மதுக்கடை எங்களுடையது.
எங்களுடையது என்றால்
அவள் கலக்குகிறாள், நான் கழுவுகிறேன்.
பதினொரு வருடம் முகர்ந்தே அளந்தவள்
இப்போது அளவுக் குவளையைத்
தொலைந்த சாவிபோலத் தேடுகிறாள்.

"முகர்ந்து சொல், ருவரி."
பாட்டில் என் முகத்துக்கு நேரே நீளும்.
ஜூனிப்பர், என்பேன்.
அது எனக்கே தெரியும், வேறென்ன?
வேறென்ன என்று நான் எதைக் கண்டேன்?
சோப்பு நுரையில் வளர்ந்த மூக்கு இது.
மழையில் நனைந்த பைன் மரம் என்றேன் ஒரு நாள்.
தேவாலயத்துப் பெஞ்சு என்றேன் இன்னொரு நாள்.
இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டாள்.

கிம்லெட் ஒன்றும் பெரிய வித்தையில்லை.
ஜின், எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ்.
ஈறு வீங்கிச் சாகாமலிருக்கக்
கப்பல்காரர்கள் விழுங்கிய புளிப்புக்கு
யாரோ தண்டு வைத்த கோப்பையில் மரியாதை செய்தார்கள் என்பார்கள்.
மோர்வென் ஒரு வாய் குடித்தாள்.
"சில்லென்ற புளித்தண்ணீர்."
மீதி தொட்டியில் போனது.
நான் கோப்பையைக் கழுவினேன்.

திங்கட்கிழமை. கடை கிடையாது.
கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனி
எதிர்க்கரைக் கிரேன்களை இடுப்புவரை விழுங்கியிருந்தது.
அவள் கையிருப்பைக் கணக்குப் பார்த்தாள்:
புளிப்பு இருக்கிறது. இனிப்பு இருக்கிறது.
கைப்பும் துவர்ப்பும் கைவிடவில்லை.
உறைப்பு? அது என்ன
மூக்கைக் கேட்டுக்கொண்டா வருகிறது?
சுடுவது, குத்துவது, சில்லிடுவது எல்லாம்
புழக்கடை வழியாக நுழைகிறவை.

ஒன்பது எலுமிச்சை.
வெள்ளை ஒட்டாமல் தோலைச் சீவச் சொன்னாள்.
சர்க்கரையில் பிசைந்து மூடிவைத்தோம்.
மிளகைப் பொடிக்கவில்லை,
ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளக்கும் மட்டும் தட்டினாள்.
ஏலக்காய் ஏழு. விரல்நுனி அளவு இஞ்சி.
கிராம்பு ஒன்றே ஒன்று,
இன்னொன்று போட்டால்
பல் டாக்டர் அறை, என்று தடுத்தேன்.
நான் அன்று சொன்னதில் உருப்படியானது அதுதான்.
மாலைக்குள் தோல்கள்
வைத்திருந்த எண்ணெயையெல்லாம் சர்க்கரையிடம் கொடுத்துவிட்டுச்
சுருண்டு கிடந்தன.
சாறு பிழிந்து, கரைத்து, வடித்தோம்.

ஜின் ஊற்றிக் குலுக்கினாள்.
ஐஸ் முதலில் கல்லாகக் கத்தியது,
பிறகு மணலாக.
அந்த மணல் சத்தத்தில்தான் எப்போதும் நிறுத்துவாள்.
காதை யாரும் எடுத்துப் போகவில்லையே.

முதல் வாய்.
கண்ணோரம் நீர் கோத்தது.
மிளகுதான், என்றாள் அவசரமாக.

மூக்கில் வேர்த்ததுபோல அந்நேரம் பார்த்து
ஷட்டரைத் தட்டினார் டின்வுடி,
துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவர்.
மூடியிருக்கிறது என்றால் அவருக்குப் புரியாது.
குடித்தார். மீசையைத் துடைத்தார்.
"ஜின்னுக்கு என்ன கோபம் இன்றைக்கு?"
பிறகு கோப்பையை அவள் பக்கம் தள்ளினார்,
இன்னொன்று என்பதற்கு அதுதான் அவர் மொழி.

அவர் போனபின்
அலங்காரத்துக்கென்று ஒதுக்கிய தோல் ஒன்றை
தீக்குச்சிக்கு மேலே பிடித்துப் பிதுக்கினாள்.
எண்ணெய் ஒரு நொடி பொறியாகச் சீறியது.
அவள் அப்படியே நின்றாள்.

"கயிறு."
என்ன?
"நனைந்த கயிறு. படகுக் கயிறு. அழுகினது."

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன்.
எலுமிச்சை. எலுமிச்சையைத் தவிர ஒன்றுமில்லை.
திரும்பி வருவது சில சமயம்
தப்பு விலாசத்தில் வந்து சேரும் என்று
மருத்துவர் சொன்னது ஞாபகம் வந்தது.
நான் வாயைத் திறக்கவில்லை.
அவள் அடுத்த தோலை எடுத்தாள். அதற்கடுத்ததை.
குச்சிகள் தீர்ந்து, புது டப்பா உடைத்தாள்.

புகைக்காக ஜன்னலைத் திறக்கப் போனேன்.
வேண்டாம் என்று கை காட்டினாள்.