கின்னிக்கோழியின் புள்ளிகள்

புதுவயல் அரிசி ஆலையின் எடைமேடையில்
இரவுப் பணி எனக்கு.
லாரி ஏறும், எண் நிற்கும், சீட்டு கிழியும்.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
ஒரு கின்னிக்கோழி தைத்துக்கொண்டிருக்கிறேன்.

உடம்பு முடிந்துவிட்டது.
சாம்பல் நூல், கறுப்பு நூல்,
கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி.
பள்ளிக்கூடத்தில் என் கணக்கு நோட்டு முழுக்கச்
சிவப்பில் விழுந்த அதே குறி.
நாலு மாதம் தப்பு தப்பாய்ப் போட்டதில்
ஒரு கோழி வந்து நிற்கிறது.

இனிப் பாசி.
படத்தாளில் எங்கெல்லாம் வட்டமோ
அங்கெல்லாம் ஒரு வெள்ளைப் பாசி.
மொத்தம் அறுபத்து மூன்று.
காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைக்காரர்
கடுகு மடிப்பதுபோல் மடித்துக் கொடுத்தார்.

முதல் பாசி ஊசியின் பாதியிலேயே நின்றுவிட்டது.
முனை நுழைகிறது, காது நுழையவில்லை.
துணிக்கு ஓர் ஊசி, பாசிக்கு வேறோர் ஊசி என்று
யாரும் சொல்லவில்லை.
தாளின் பின்பக்கம் சொல்லியிருந்தது.
நான் பின்பக்கம் பார்க்கவில்லை.

வாங்கி வந்த புது ஊசி
என் முடியை விடக் கொஞ்சம்தான் தடிமன்.
நூல் கோக்கவே இரண்டு லாரி போய்விட்டது.

கீழே இடது மூலையில் வெளியே வந்து
பாசியை ஏற்றிக்கொண்டு
மேலே வலது மூலையில் உள்ளே போகவேண்டும்.
அரைத் தையல். அரைத் தப்பு.
பாசி படுத்துக்கொண்டது.
அடுத்தது அந்தப் பக்கம் சாய்ந்தது.
பத்து முடிந்தபோது கோழி முதுகில்
பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம்,
ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு.

பிரித்தேன்.
அதே பாசிக்குள் நூலை இரண்டாம் முறை விட்டு,
லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லும்
ஆரோக்கியத்தின் கைபோல
வா, வா, வா... போதும்.
பாசி எழுந்து உட்கார்ந்தது.

திருவாடானை நெல்லோடு வந்த டிரைவர் சவரிமுத்து
சீட்டுக்குக் கை நீட்டியபடி எட்டிப் பார்த்தார்.
"யாருக்கும்மா இது?"
"கோழிக்குத்தான்."
அவர் சிரிக்கவில்லை.
"கோழிக்கு அம்மையா?" என்றார், நிஜமான கவலையோடு.

நாற்பத்தொன்றாவது பாசி
மின்விசிறிக் காற்றில் விரலை விட்டுப் போனது.
மேஜைமேல் மாதிரிக்கு எடுத்த பச்சரிசித் தட்டு.
அதில் விழுந்த சத்தம் கேட்டது,
கேட்டதாக நினைத்தேன்.
வெள்ளைக்குள் வெள்ளை.
விரலால் பரப்பப் பரப்ப
ஒவ்வொரு நொய்யும் பாசியாய் நின்று ஏய்த்தது.

விடிந்தால் இந்தத் தட்டு மூட்டைக்குத் திரும்பிவிடும்.
யாரோ ஒருவர் பல்லில் கடிபட்டு
"கல்லு" என்று வைவார்.
எடைமேடைக்கோ
பத்துக் கிலோவுக்குக் கீழே உலகமே இல்லை.

டிபன் பாக்ஸில் கொட்டிக்கொண்டேன்.
பதிவேட்டில் எழுதியும் வைத்தேன்:
மாதிரி அரிசி, இருநூறு கிராம், எடுக்கப்பட்டது.
காரணம்: பாசி.

வீட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்.
அரிசியும் மூழ்கியது, பாசியும் மூழ்கியிருக்கும்.
உலையில் போட்டேன்.
அரிசி பருத்தது, பூத்தது, இளகியது.
தட்டில் பரப்பி ஒவ்வொரு பருக்கையாய் நசுக்கிக்கொண்டிருந்தபோது
மேனேஜர் சாத்தப்பனின் போன்.
"ஏம்மா, புது அரிசியில எப்படிப் பாசி பிடிக்கும்?"

அந்நேரம்
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
நசுங்காத ஒன்று.

"கிடைச்சிடுச்சு சார்" என்றேன்.
அவர் வேறேதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்று இரவு அதைத் தைத்தேன்,
இறக்கைக்குக் கீழே, கழுத்திலிருந்து ஏழாவது கட்டத்தில்.
முகர்ந்தால் கஞ்சி வாசம், எனக்கு மட்டும்.

இன்னும் இருபத்திரண்டு.
வெளியே ஹாரன் அடிக்கிறான்.
ஊசியைக் கோழியிலேயே குத்திவிட்டு
எழுந்து போகிறேன்.