கேபிளைக் கழற்றினால் எட்டு நொடி

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில்
ரிக் லாரிக் கம்பெனி ஒன்றின் மாடி ஆபீஸ்.
கீழே ஒரு வண்டி
கம்ப்ரசரைத் திறந்துபோட்டு நின்றது.
மேலே பதினாலு கம்ப்யூட்டர்.
பதினாலும் காலையில் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு
வளையத்தைச் சுற்றவிட்டு
ஆறு நிமிஷம் வாயைத் திறக்காது.

"மிசினு பழசாயிருச்சுங்களா?
புதுசு வாங்கோணுங்களா?" என்றார் அர்த்தநாரி.
ஆயிரத்தி இருநூறடி ஆழத்தில்
பாறையின் நிறம் சொல்கிற மனுசன்,
மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியைத்
தொடாமல் காட்டினார்.

முதலில் வைரஸைச் சந்தேகப்பட்டேன். இல்லை.
பிறகு மெமரியை. போதுமானது இருந்தது.
அரை நாள் போனது. இரண்டு டீ வந்தது.
மூன்றாவதற்குக் கை நீட்டுகையில்
கால் இடறி நெட்வொர்க் கேபிள் கழன்றது.
எட்டு நொடியில் திறந்தது திரை.

மறுபடி செருகினேன். ஆறு நிமிஷம்.
கழற்றினேன். எட்டு நொடி.
அப்படியென்றால்
இது யாரையோ கூப்பிட்டுவிட்டுக்
காத்துக்கொண்டு இருக்கிறது.

கருப்புத் திரையில் முகவரிகளைக் கேட்டேன்.
பெயருக்கு வழி சொல்கிற இடத்தில்
ஐந்தில் முடியும் எண் முதலாவது,
பத்தில் முடிவது இரண்டாவது.
பத்து, அடுத்த அறையில் ஏசிக்குக் கீழே இருக்கிறது.
ஐந்து?

"அது சித்திரை இடிக்குப் போயிருச்சுங்க"
என்றாள் கணக்கு பார்க்கும் கோகிலாமணி.
"மழை நாலு தூறல், இடி ஒண்ணே ஒண்ணு.
பழைய இரும்புக்காரன் எடைக்கு எடுத்தான்.
பதினோரு கிலோ."

எடைக்குப் போன சர்வரை
பதினாலு மிசினும் தினமும் கூப்பிட்டிருக்கின்றன.
பதில் இல்லை. இன்னொருதரம். இல்லை.
சற்று இடைவெளி விட்டு இன்னொருதரம்.
வெறும் புகை பறக்கிற போரில்
இன்னும் ஒரு ராடு விடுங்க, இன்னும் ஒண்ணு என்று
வரப்பில் நிற்கும் தோட்டத்துக்காரர் மாதிரி.
அலுத்த பிறகுதான்
பக்கத்து அறையில் இருப்பவனைக் கேட்பது.
அதற்குள் பி டிரைவ் வேறு
போர் போட்ட இடத்துப் போட்டோக்களைத் தேடி
அதே ஐந்தின் வாசலில் போய் நிற்கும்.

ஒவ்வொன்றிலும் எண்ணைக் கையால் அடித்துவைத்த தம்பி
இப்போது ஓசூரில் இருக்கிறானாம்.
நானும் கையால்தான் மாற்றினேன்.
பி டிரைவை வெட்டினேன்.
பதிமூன்று வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"இது மட்டும் இப்படியே இருக்கட்டுங்களே"
என்றாள் கோகிலாமணி, குரல் தாழ்த்தி.
அவள் வீட்டுக்காரர் ஜார்க்கண்டில்,
எட்டாம் நம்பர் வண்டியில் டிரில்லர்.
ஒன்பது பத்துக்கு வேலை தொடங்குமுன்
சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நிற்பார்.
வளையம் சுற்றச் சுற்ற
பையனின் காய்ச்சல், பால் காசு,
சீட்டுத் தவணை, கொஞ்சம் சிரிப்பு.
சிஸ்டம் ஓப்பன் ஆகலீங்க என்றால்
யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

அர்த்தநாரி என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.
மாற்றிவிட்டேன்.
பதினாலை ஆறால் பெருக்கிப் பார்த்து
எண்பத்து நாலு நிமிஷம் மிச்சமென்று சந்தோசப்பட்டு
பில்லில் முன்னூறு குறைத்தார்.

அடுத்த மாதம் பிரிண்டருக்காகப் போனேன்.
ஒன்பது பன்னிரண்டு.
கோகிலாமணியின் காதில் போன்.
மானிட்டர் கருப்பு. பெட்டியில் விளக்கு இல்லை.
பொத்தானையே அமுக்கவில்லை.

படியில் அர்த்தநாரியின் செருப்புச் சத்தம்.

"இன்னும் ஸ்லோவாத்தானுங்க இருக்குது,"
என்றாள், என்னை நேராகப் பார்த்து.

"ஆமாங்க, நெட்வொர்க்கத்தான் பாத்துட்டிருக்கறேன்"
என்று தரையில் உட்கார்ந்து
நன்றாயிருந்த கேபிள் ஒன்றைக் கழற்றி,
முனையை ஊதி, வேட்டித் துணியால் துடைப்பதுபோல
சட்டை நுனியால் துடைத்து,
நிதானமாகச்
செருகத் தொடங்கினேன்.