துண்டு 14, மூன்றாம் ஒழுங்கை

பண்டாரவளை நகரிலிருந்து பதினொரே நிமிடம்
என்று எழுதச் சொன்னார் ஞானசேகரம் முதலாளி.
மழையில்லாத நாளில்,
முன்னால் மரக்கறி லொறி போகாதபோது,
ஓட்டுவது அவர் மருமகன் என்றால்
பதினொன்றுதான்.
எழுதினேன்.

பத்துப் பேர்ச் காணித்துண்டுகள். தெளிவான உறுதி.
இருபதடிப் பாதை. எல்லைவரை குழாய்நீர்.
மூடுபனி இலவசம் என்று நானாக ஒரு வரி சேர்த்தேன்.
சிரித்துக்கொண்டே வெட்டினார்:
பனி என்றால் சுவரில் பூஞ்சணம்
என்று வாசிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், பிள்ளை.

ஆபீஸ் சுவரில் வரைபடம்.
அதில் மலை இல்லை.
சீப்புப் பற்கள்போல நான்கு ஒழுங்கைகள்,
முப்பத்தொரு பெட்டிகள்,
பச்சை அடித்த ஒரு விளையாட்டுத் திடல்.
அந்தத் திடலில் போய் நின்றால்
ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே.
முதலாம் ஒழுங்கைக்கும் இரண்டாவதற்கும்
படத்தில் ஓர் அங்குலம்,
தரையில் நாற்பத்தாறு படி, இன்னும் வெட்டாத படி.
மூன்றாவது, இரண்டாவதற்கு முன்பே வந்துவிடும்;
பாறையைக் கண்டதும்
கொந்தராத்துக்காரன் வளைத்துவிட்டான்.
நான்காவது, இப்போதைக்கு ஒரு மஞ்சள் கயிறு.

ஒழுங்கை என்ற சொல்லுக்குள்
ஒழுங்கு இருக்கிறதென்று
தட்டச்சு செய்யும்போதுதான் பார்த்தேன்.

இதற்கு முன் இங்கிருந்த தேயிலை நிரைகள்
மலை வளைந்த பக்கமெல்லாம் வளைந்தன.
அதுவும் கொழுந்துக் கணக்குப் பார்த்து நட்டதுதான்,
புனிதம் ஒன்றுமில்லை.
ஆனாலும் நட்டவனுக்கு
மழை எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்திருந்தது.

ஞாயிறு மூன்று மணிக்குத் தவமலர் வந்தாள்.
ஒன்பது வருடம் ஜோர்தானில் வீட்டு வேலை.
நான் எழுதிய விளம்பரத்தை நறுக்கி
போன் உறைக்குள் மடித்து வைத்திருந்தாள்.
விலை கேட்கவில்லை.
"இந்தப் பாதை எங்க போகுது?"
எங்கயும் போகாது, அமைதியான முட்டுச்சந்து,
முடிவில் வாகனம் திருப்ப வட்டம் இருக்கு, என்றேன்.
"முட்டிக்கிட்டு நிக்கவா இவ்வளவு காசு?"

பிறகு பதினான்காம் துண்டின் மேல்மூலையில் நின்று
கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்தாள்.
நீர் கொஞ்சம் யோசித்தது.
எல்லைக் கட்டையைச் சுற்றி,
பதினைந்தைக் குறுக்கே வெட்டி,
படத்தில் எந்தக் கோடும் இல்லாத இடத்தால் இறங்கி
இருபத்திரண்டுக்குள் போனது.
போன கிழமைதான்
ஒரு கணித ஆசிரியருக்கு விற்ற துண்டு.

"அவருக்குச் சொல்லிட்டீங்களா?"
நான் போனைப் பார்த்தேன்.
யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"ஒன்பதாம் துண்டு இருக்கா?"
இருக்கு, ஆனால் காட்சி இல்லை,
முன்னால் மண்திட்டு, பின்னால் சைப்ரஸ்.
"காட்சியெல்லாம் பாத்தாச்சு. விலாசம் எழுதித் தாங்க."
துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கம் எழுதினேன்:
இலக்கம் 9, இரண்டாம் ஒழுங்கை,
சில்வர் மிஸ்ட் கார்டன்ஸ்.
அவள் உரக்க வாசித்தாள், இரண்டு தரம்.
லயத்துக்கு வந்த கடிதம் எல்லாம்
தோட்டத்து ஆபீசில்தான் இறங்குமாம்;
அம்மானிலிருந்து அவள் போட்ட ஒன்று
மூன்று மாதம் யாருடைய லாச்சியிலோ கிடந்ததாம்.
அதற்குள் என்ன எழுதியிருந்தாள் என்று
நான் கேட்கவில்லை.
முற்பணத்தை மேசையில் எண்ணி வைத்தாள்,
ஆயிரம் ரூபாய்த் தாள்களாக.

திங்கட்கிழமை விளம்பரத்தைத் திருத்தினேன்:
துண்டு 14. கண்கவர் காட்சி. நீருக்கு வழி உண்டு.
முதலாளி தலையாட்டினார்:
தண்ணி வசதியைச் சொன்னது நல்லம், அச்சுக்கு அனுப்பு.

அவர் தேநீர் குடிக்கப் போன நேரம்
ஆசிரியருக்கு எடுத்தேன்.
நான் வாய் திறக்குமுன் அவர்தான் தொடங்கினார்:
"பதினொரு நிமிடம் என்றீங்க, மகள்.
நேற்றுக் குடும்பத்தோட போனன்,
சரியாக இருபத்தாறு."

அங்கே மழை பெய்ததா சேர், என்று கேட்டேன்.