திங்கட்கிழமை நீலம்

திங்கட்கிழமை மாதிரிதான் எப்போதும் அடர்த்தி.
சனி ஞாயிறு பெங்களூர்க் கார்கள்
கடற்கரைச் சாலையில் குடித்துக் கழித்ததெல்லாம்
லாஸ்பேட்டைக்கு வந்துசேர ஒரு நாள் ஆகும்.
வடிகட்டி, மாலிப்டேட் கரைசல் விட்டு
பத்து நிமிடம் காத்திருந்தால்
சோதனைக்குழாய் நீலமாகும்.
எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பரஸ்.
பதினோரு வருடமாக அந்த நீலத்தைத்தான்
பதிவேட்டில் எண்ணாக்குகிறேன்.

நைட்ரஜன் பரவாயில்லை.
கிருமிகளைக் கொஞ்சம் தாஜா செய்தால்
காற்றோடு காற்றாய்ப் போய்விடும்.
கார்பன் குமிழியாகும், எரியும்.
இதற்குப் பறக்கத் தெரியாது.
தண்ணீரில் இல்லையென்றால் சகதியில்,
சகதியில் இல்லையென்றால் தண்ணீரில்.

காற்று ஊதும் தொட்டியில் கிருமிகள்
பந்தியில் தின்றது போக மடியிலும் கட்டிக்கொள்பவர்கள் மாதிரி
தேவைக்கு மேல் அள்ளிக்கொள்ளும்.
வெளியேறும் நீரில் நீலம் வெளுத்திருக்கும்.
ஆய்வாளர் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்.
பிறகு அதே கிருமிகளைத்தான்
மூடிய தொட்டிக்குள் தள்ளுகிறோம்,
இருபது நாள், மூச்சில்லாமல்.
மடியில் கட்டியதையெல்லாம் அவிழ்த்துக் கொட்டிவிடும்.
பிழிந்த சகதி லாரியில் ஏறும்.
பிழிந்த நீர்
தலைவாசலுக்கே திரும்பி வரும்.
போன வாரம் கழித்துவிட்டதாக நான் எழுதியது
இந்த வாரக் கூட்டலில் நிற்கும்.

நேற்று அந்தத் திரும்பும் குழாய் அடைத்துக்கொண்டது.
கலிவரதன் எல்போவைக் கழற்றி
சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார்.
உப்புக்கல் போல, ஆனால் கரையாதது,
பட்டை பட்டையாய்,
சுண்டுவிரல் நுழைய மட்டும் இடம்விட்டு.
மெக்னீசியம், அம்மோனியா, இது.
மூன்றும் வளைவில் சந்தித்து
யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்ட வீடு.

"என்னா மேடம் இது?"
ஸ்ட்ரூவைட் என்றேன்.
"அட, போன மாசியில ஜிப்மர்ல
என் கிட்னியிலேந்து எடுத்தாங்களே,
அந்தச் சீட்டுல இதே பேருதான்."
குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
கூட்டத்தில் சொந்தக்காரர் முகம் கண்டவர்போல.

பாகூரில் டி.ஏ.பி. மூட்டைக்கு வரிசை நிற்கிறதாம்,
கப்பல் வரவில்லையாம்.
மொராக்கோவில் பாறை வெட்டி,
உரமாக்கி, நெல்லாக்கி, சோறாக்கி, மூத்திரமாக்கி
நாங்கள் இங்கே குழாய் அடைப்பென்று உடைக்கிறோம்.
இந்தக் கல்லை வேண்டுமென்றே வளர்க்க
ஒரு தொட்டி கேட்டு எழுதினேன்.
கோப்பு நான்காவது மேசையில் இருக்கிறது.
அதுவரை பெர்ரிக் குளோரைடு ஊற்றச் சொல்கிறார்கள்.
இரும்பு பிடித்துக்கொள்ளும், உண்மைதான்.
பிடித்தால் செடிக்கும் லேசில் விடாது.
கனகன் ஏரி ஆகாயத்தாமரைக்கு மட்டும்
இதுவரை தட்டுப்பாடு வந்ததில்லை.

கலிவரதன் ஒரு கைப்பிடியை
டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டார், மல்லிக்கு.
"பொடிச்சுப் போடணுமா, முழுசாவா?"
பொடித்து, என்றேன். கையைக் கழுவுங்கள், என்றும்.

ஒரு துண்டு என் மேசையில் இருக்கிறது.
மின்விசிறிக்குப் பதிவேட்டின் பக்கங்கள் படபடக்கின்றன.
மேலே எடுத்து வைத்தேன்.
இது பறக்காது.