இரண்டு நாற்பது

கையெழுத்து இருக்கிறது.
கையெழுத்து இல்லை.

மேட்ரன் இதை மலாயில் சொன்னபோது
இரண்டும் வேறு வேறு சொற்கள், குழப்பமில்லை.
தமிழில் யோசித்த எனக்குத்தான்
தலை சுற்றியது.

எழுத்து என்னுடையதுதான்.
ஏழின் இடுப்பில் கோடு கிழிக்கும் ஆள்
இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் ஒருத்திதான்.
பெட் ஏழு. மோர்ஃபின், ஐந்து மில்லிகிராம். 2.40.
அதற்கப்புறம்
ஒரு பெயர் உட்காரும் அளவுக்கு வெள்ளை.

அன்றிரவு ஊத்தான் மெலிந்தாங்குக்கு வெளியே
செம்மண் பாதையில் செம்பனை லோரி கவிழ்ந்தது.
குலைகளுக்கு அடியிலிருந்து மூன்று பேர்.
டிரைவர் நடந்தே வந்தார்.
பங்களாதேஷ் பையன்,
ஆமாவுக்கும் இல்லைக்கும் ஒரே தலையாட்டல்.
காத்தமுத்துவுக்குத் தொடை எலும்பு.
அவருக்கு ஊசி போட்டுப் பேனாவைத் தூக்கினேன்,
பையன் ரத்தமாக வாந்தியெடுத்தான்.
பேனா எங்கே விழுந்ததென்று
காலையில் கூட்டுகிறவர் சொல்லித்தான் தெரியும்.

மூன்றரைக்குக் காத்தமுத்து
தெலுக் இந்தானுக்கு ஆம்புலன்சில் போனார்,
நெஞ்சின் மேல் கார்டு.
அங்கே இருந்த இளம் டாக்டர் கார்டைப் பார்த்தார்.
சாப் இல்லை, பெயர் இல்லை.
எழுதியிருக்கிறது. போட்டார்களா?
போட்டிருந்தால் இன்னொன்று மூச்சை நிறுத்தலாம்.
போடவில்லையென்றால் இந்த மனிதர் கத்துவது நியாயம்.
இங்கே போன் அடித்தது.
நான் பையனின் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
அடித்து, ஓய்ந்து, மறுபடி அடித்தது.

ஐம்பத்தைந்து நிமிடம்.
காத்தமுத்து சாகவில்லை. கால் போகவில்லை.
ஐம்பத்தைந்து நிமிடம் வலித்தது, அவ்வளவுதான்.
பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

திங்கட்கிழமை ஆடிட்.
ரெக்கார்டு அறை பொன்னுரங்கம்
கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:
"அதே நீலப் பேனாதானே, இப்பப் போட்டுடு மிஸ்ஸி.
மை என்ன மணியா காட்டப் போகுது?"

நல்ல மனிதர். என் இன்கிரிமென்ட் பற்றி
என்னைவிட அதிகம் கவலைப்படுகிறவர்.
பேனாவைத் திறந்தேன்.
அந்த வெள்ளை இடம் சரியாக
என் பெயரின் நீளம் இருந்தது.

அதை விட்டேன்.
பக்கத்தின் அடியில், கடைசி வரிக்கும் கீழே:
தாமதப் பதிவு. இன்றைய தேதி. மணி 4.17.
மேலே 2.40 ஊசியைப் போட்டது நான்.
அப்போது கையொப்பமிட மறந்தேன்.

'மறந்தேன்' மேல் ஒற்றைக் கோடு கிழித்தேன்.
மறக்கவில்லை, கை வேறிடத்தில் இருந்தது.
அதை எழுதினால் சாக்கு.
'தவறினேன்' என்று மாற்றி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.
வெள்ளை மை பூசக்கூடாது,
அடித்த சொல்லும் படிக்கக் கிடைக்க வேண்டும்,
அதுதான் விதி.
தவமலர் இருளப்பன். சாப்.
பொன்னுரங்கம் ஒன்றும் பேசாமல்
விசிறியை ஒரு எண் கூட்டினார்.

ஆறு வாரம் கழித்துக் காத்தமுத்து வந்தார்.
ஊன்றுகோல், தொடையில் சீழ்.
கீறச் சம்மதப் பாரம்.
பெருவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தார்.
இருபது வருஷம் குலை வெட்டிய விரல்,
ரேகை விழவில்லை. ஒரு நீல முட்டை.
யாருடைய முட்டை என்று சொல்லச்
சாட்சி வேண்டும்.

முழுப் பெயர். பதவி. தேதி.
தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"என்ன மிஸ்ஸி,
ஒரு பேரு எழுத இவ்வளவு நேரமா?"